கோப்பை கழுவியவன் பார்த்த சமையல் படம்

படம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்தில் இருந்த மனிசி கேட்டார்: "இஞ்சேருங்கோ, உவை எப்பதான் சாப்பிடப் போகினம்?"

நியாயமான கேள்விதான். கதை என்று ஒன்றும் இன்னும் தொடங்கவில்லை, யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை, ஒருவரும் அழவில்லை, நாலு பேர் ஒரு பெரிய பழைய குசினிக்குள் அங்குமிங்கும் நடந்து சமைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் மட்டும் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

'தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்' என்று ஆங்கிலத்திலும் 'லா பாசியோன் து தொதான் பூஃபான்' என்று பிரெஞ்சிலும் பெயர். 2023 மே மாதம் கான் விழாவில் இயக்குநர் த்ரான் ஆன் ஹுங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்த படம். ஜூலியட் பினோஷ், பெனுவா மாஜிமெல் நடித்தது. கதை 1889இல் நடக்கிறது. தொதான் என்று வசதியான ஒரு சாப்பாட்டு ரசிகர், அவருக்கு இருபது வருடமாகச் சமைத்துவரும் யுஜெனி என்ற பெண், ஒரு நாட்டுப்புறப் பெரிய வீடு, அதற்குள் ஒரு குசினி. இவ்வளவுதான் கதை என்றும் சொல்லலாம்.

நான் பரிஸுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் ஓர் உணவகத்தின் நிலவறைக் குசினியில் கோப்பை கழுவியவன். நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும், விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு உருளைக்கிழங்கு உரித்தேன், வெங்காயம் வெட்டினேன், சலாட் பக்கம் நின்றேன், ஏழாவது வருடம்தான் அடுப்புப் பக்கம் விட்டார்கள். ஆகையால் இதைச் சினிமா தெரிந்தவன் எழுதும் விமர்சனமாக எடுக்க வேண்டாம். குசினி தெரிந்தவன் எழுதுவது, அவ்வளவுதான்.

குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் நம் ஊரில் விட்டுப்போனது. பிரெஞ்சுக்காரன் 'குயிசின்' என்று சொல்லும்போது முதல் நாளே எனக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான்.

சரி, அந்த முதல் காட்சிக்கு வருகிறேன். ஏறத்தாழ நாற்பது நிமிடம். விடியற்காலையில் தோட்டத்தில் கிழங்கு பிடுங்குவதில் தொடங்கி, மதியம் மேலே விருந்தினர் சாப்பிட்டு முடிப்பது வரை. பின்னணி இசை இல்லை, ஒரு வயலின்கூடக் கிடையாது. வெண்ணெய் பொரிகிற சத்தம், மரப்பலகையில் கத்தி படுகிற சத்தம், செம்புச் சட்டி இரும்பு அடுப்பில் இழுபடுகிற சத்தம், ஜன்னலுக்கு வெளியே குருவிகள். கமரா ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போகும், அவர் தட்டை இன்னொருவரிடம் கொடுத்ததும் அந்த இன்னொருவரோடு போகும், பிறகு சட்டிக்குள் எட்டிப் பார்க்கும், திரும்ப வந்து முகத்தில் நிற்கும். வேலை நேரத்தில் குசினிக்குள் என் கண் எப்படி ஓடுமோ, ஒளிப்பதிவாளர் ஜொனதன் ரிக்பூரின் கமராவும் அப்படியே ஓடுகிறது. இதை நான் வேறு எந்தச் சமையல் படத்திலும் பார்த்ததில்லை. மற்றவற்றில் சட்டியைக் காட்டுவார்கள், கையைக் காட்டுவார்கள், வெட்டி வெட்டி ஒட்டுவார்கள், எல்லாம் விளம்பரம் மாதிரி இருக்கும். இதில் ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது உடம்புக்குத் தெரிகிறது.

என்னென்ன சமைக்கிறார்கள் என்று பார்த்தால், தெளிந்த கொன்சொமே, உள்ளே கலவை நிரப்பிய மாக்கூடான பெரிய வோல்-ஓ-வான் ஒன்று, பாலில் வேகவைத்த தூர்போ மீன், கன்றின் விலா இறைச்சி, அதற்குப் பக்கத்தில் வெண்ணெயில் வதக்கி வேகவைத்த சலாட் இலை, கடைசியில் நோர்வே ஓம்லெட் என்று சொல்கிற நெருப்பு வைத்த ஐஸ்கிரீம். தூர்போ என்பது தட்டையான, ஏறக்குறைய சாய்சதுர வடிவிலான மீன். அதை முழுசாக வேகவைக்க அதே வடிவத்தில் ஒரு செம்புப் பாத்திரம் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு மீனுக்காக ஒரு பாத்திரம்! அந்தப் பாத்திரத்தைத் தூக்கி வைக்கும்போது இரண்டு பேருடைய தோள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். அது நடிப்பில்லை. செம்பின் பாரம் அப்படி.

கொன்சொமே பற்றிக் கொஞ்சம் கூடக் கதைக்க வேண்டும், ஏனென்றால் எனக்கும் அதற்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எலும்பும் இறைச்சியும் மரக்கறியும் போட்டு மணிக்கணக்காக அவித்த சாறு, என்னதான் வடித்தாலும் கலங்கித்தான் இருக்கும். அதைக் கண்ணாடி மாதிரி ஆக்க முட்டை வெள்ளைக்கருவையும் அரைத்த இறைச்சியையும் ஆறிய சாற்றில் கலந்து மெல்ல மெல்லச் சூடாக்க வேண்டும். சூடு ஏற ஏற வெள்ளைக்கரு கட்டிப்பட்டு, கலங்கலையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு மேலே வந்து ஒரு மூடி மாதிரி நிற்கும். அதில் ஓர் ஓட்டை போட்டு, அடியில் இருக்கும் தெளிவை அகப்பையால் அள்ளி, துணியில் வடிக்க வேண்டும். இடையில் ஒருமுறை கொதித்துவிட்டால் மூடி உடைந்து எல்லாம் திரும்பக் கலங்கிப் போகும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அப்படி ஒருநாள் கொதிக்கவிட்டேன். செஃப் ஒன்றும் கத்தவில்லை. பன்னிரண்டு லீற்றர் சாற்றை, நான் பார்த்துக்கொண்டு நிற்க, கழுவுகிற தொட்டிக்குள் மெதுவாக ஊற்றினார். பிறகு அந்தத் தொட்டியையும் என்னைத்தான் கழுவச் சொன்னார். படத்தில் யுஜெனி அந்தச் சாற்றைக் கையாளும்போது எனக்குத் தொண்டை அடைத்தது காதலால் இல்லை, பயத்தால்.

நோர்வே ஓம்லெட் ஒரு விளையாட்டு. கேக்கின் மேல் ஐஸ்கிரீம், அதை மூடி அடித்த வெள்ளைக்கரு நுரை, அதைச் சூட்டில் வைத்து எடுத்து, மேலே மதுவை ஊற்றிக் கொளுத்துவார்கள். உள்ளே ஐஸ் உருகாது. நுரைக்குள் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடாது என்பதுதான் காரணம், படத்திலும் விருந்து மேசையில் ஒருவர் இதை விளக்குகிறார். அன்று குசினிக்கு முதல்முறை வந்த போலின் என்ற சின்னப் பெண் அதை வாயில் வைத்ததும் கண் கலங்குகிறது. ஏன் அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அதே பெண் அதற்கு முன் ஒரு சோஸை நக்கிப் பார்த்துவிட்டு, காளான், தக்காளி, வைன் என்று உள்ளே போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். தொதானும் யுஜெனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பிள்ளையில்லாத இரண்டு பேர், தங்கள் வேலைக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது என்று தெரிந்துகொள்கிற இடம் அது. ஒரு வசனமும் இல்லை.

இந்த நாற்பது நிமிடமும் யுஜெனி மேலே போகவே மாட்டார். தொதானும் அவருடைய நாலு நண்பர்களும் மேலே மேசையில். சாப்பிட்டு முடித்தபின் அந்த ஆண்கள் கீழே இறங்கி வந்து, நீங்களும் எங்களோடு வந்து இருக்கலாமே என்று கேட்பார்கள். நீங்கள் சாப்பிடுகிற சாப்பாட்டின் வழியாக நான் உங்களோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தேன் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்வார். அழகான பதில். ஆனால் எனக்கு உடனே தோன்றியது வேறு: மேலே வந்து இருந்தால் அடுத்த தட்டை யார் அனுப்புவது? இப்படிக் கேட்பது எப்போதும் சாப்பிட்டு முடித்தவர்கள்தான்.

அப்புறம் காதல். யுஜெனியின் அறைக்கு ஒரு கதவு. சில இரவுகளில் அது பூட்டியிருக்கும், சில இரவுகளில் திறந்திருக்கும். அது அவருடைய முடிவு. தொதான் ஒவ்வொரு முறையும், இன்றிரவு உங்கள் கதவைத் தட்டலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். வருடக்கணக்காகக் கலியாணம் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், யுஜெனியும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறார். கட்டிவிட்டால் கதவைப் பூட்டுகிற உரிமை போய்விடுமே என்பதுதான் அவருடைய கணக்கு, அதை அவர் சொல்லும் விதத்தில் ஒரு கோபமும் இல்லை. 1889இல் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு இவ்வளவு சுதந்திரம் இருந்ததா என்றால், இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இந்த இரண்டு பேருக்கும் இடையில் அது நம்பும்படியாக இருக்கிறது.

ஆங்கில எழுத்துகளோடு பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் தவறிப்போகும். இருவரும் கடைசிவரை ஒருவரை ஒருவர் 'வூ' போட்டுத்தான் கதைக்கிறார்கள், அதாவது நீங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ' ஆகிவிடுகிறது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்துப் பழகிய யாழ்ப்பாணத்துக் காதுக்கு இது சட்டென்று பிடிபடும். இருபது வருடம் ஒரே அடுப்பில் வெந்து, ஒரே அறையில் உறங்கியும், நீங்கள். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் தூரம்தான் அவர்களுடைய நெருக்கம் என்று எனக்குப் பட்டது.

பினோஷும் மாஜிமெலும் நிஜ வாழ்க்கையில் ஒரு காலத்தில் சோடியாக இருந்தவர்கள். 1999இல் ஜோர்ஜ் சான்ட், ஆல்ஃப்ரெட் து மூசே காதலைப் பற்றிய ஒரு படத்தில் சேர்ந்து நடித்தபோது பழக்கம், சில வருடத்தில் பிரிந்துவிட்டார்கள். இருபது வருடம் கழித்து இந்தக் குசினிக்குள் மறுபடி. நான் இப்படியான கிசுகிசுவைப் படத்தோடு போட்டுக் குழப்புகிறவன் இல்லை, ஆனால் மாஜிமெல் அவரைப் பார்க்கிற சில பார்வைகள் இருக்கின்றன, ஒத்திகை பார்த்து வருகிற பார்வை இல்லை அது.

படத்தின் நடுவில், யுஜெனிக்கு அடிக்கடி மயக்கம் வரத் தொடங்கியபின், தொதான் முதல்முறையாகத் தானே தனியாக நின்று அவருக்குச் சமைத்துப் போடுகிறார். காதல் படம் பார்க்க வந்தவர்கள் இந்த ஒரு பகுதிக்காக மட்டும் பார்க்கலாம். யுஜெனி மேசையில், தொதான் குசினியில், கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு கோழியின் தோலுக்கும் சதைக்கும் நடுவில் விரலை விட்டுப் பிரித்து, கறுப்பு த்ரூஃப் காளானை மெல்லிய வட்டமாகச் சீவி உள்ளே செருகுவார். வெந்து வரும்போது வெள்ளைத் தோலுக்கு அடியில் கறுப்பு வட்டங்கள் தெரியும். பிரெஞ்சுச் சமையலில் இந்த மாதிரிச் செய்கிற கோழிக்கு 'தெமி-தாய்' என்று பெயர், பாதித் துக்கம் என்று அர்த்தம். முழுக் கறுப்பு உடுத்துகிற துக்க காலம் முடிந்து, கறுப்பும் வெள்ளையும் கலந்து உடுத்துகிற காலத்துக்கு அந்த நாளில் வைத்திருந்த பெயர். படம் அந்தப் பெயரை அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கலியாணம் கேட்கிற சாப்பாட்டில் துக்கத்தையும் வைத்துப் பரிமாறுகிறார் மனிதர்.

அந்தக் கோழியைப் பெயர்பெற்றதாக்கியவர்கள் லியோன் நகரத்துப் பெண்கள். வீடுகளில் சமையல்காரிகளாக இருந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர்கள், 'மேர்' என்று அம்மாவைக் கூப்பிடுவது போலத்தான் அவர்களை ஊர் கூப்பிட்டது. அவர்களில் ஒருவருடைய பெயரும் யுஜெனிதான், யுஜெனி பிராசியே. 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மூன்று மூன்று மிஷ்லன் நட்சத்திரம், அதாவது ஓர் உணவகத்துக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மதிப்பு, கிடைத்தது. சமையல் வரலாறு என்று புத்தகத்தில் படித்தால் கரெம், எஸ்கோஃபியே என்று ஆண்களின் பெயராகவே ஓடும். இந்தப் படத்தின் யுஜெனியைப் பார்க்கும்போது, பெயர் எழுதப்படாமல் எத்தனை பேர் அடுப்பின் முன்னால் நின்று வெந்து போயிருப்பார்கள் என்ற நினைப்பு வரத்தான் செய்கிறது. தொதான் அவரைக் கலைஞர் என்கிறார், சரி. ஆனால் ஊர் முழுக்க 'சமையல் கலையின் நெப்போலியன்' என்று கொண்டாடுவது தொதானைத்தான். சாப்பிடுகிறவருக்குப் பட்டம், சமைக்கிறவருக்கு அவித்த பியர்ஸ் பழம். அந்த இனிப்புக்குள் மோதிரமும் இருந்தது என்பது வேறு கதை. அடுத்த வெட்டில் அந்தப் பழத்தின் வளைவும் படுக்கையில் திரும்பிப் படுத்திருக்கும் யுஜெனியின் முதுகின் வளைவும் ஒன்றாகிவிடும். இதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அந்த இடத்தில் தேத்தண்ணி போட எழும்பலாம்.

இப்போது என் முறைப்பாடு. இரண்டே கால் மணிநேரப் படத்தில் எத்தனை செம்புச் சட்டி, எத்தனை துணி, எத்தனை தட்டு! அதை எல்லாம் கழுவியது யார்? படத்தில் வியோலெட் என்று ஓர் உதவிப் பெண் இருக்கிறாள், ஓடி ஓடி எடுத்துக் கொடுக்கிறாள், அவளுக்கு நாலு வசனம் இருந்தால் அதிகம். கழுவுகிற வேலையைப் படம் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. செம்புச் சட்டிக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கும், நம் ஊரில் பித்தளைக்குப் பூசுவது போலத்தான், இல்லாவிட்டால் புளிப்பு பட்டதும் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும். அந்த ஈயம் 232 பாகையில் உருகிவிடும், ஆகையால் வெறும் சட்டியை அடுப்பில் மறந்து வைக்கக்கூடாது, சுரண்டவும் கூடாது, வெளிப்பக்கத்தை மட்டும் உப்பும் வினாகிரியும் மாவும் போட்டுத் தேய்க்கலாம். தேய்த்து முடித்த கை ஒரு கிழமைக்கு மணக்கும். படத்தில் எல்லாச் சட்டியும் எப்போதும் பொன் மாதிரி மின்னுகிறது, ஜன்னலால் வருகிற வெயிலும் எப்போதும் பின்னேர வெயிலாகவே இருக்கிறது. அழகு அழகுதான், ஆனால் ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அந்த வியோலெட்டின் கைகளை அருகில் காட்டியிருக்கலாம்.

இன்னொன்று சத்தம். நான் பார்த்த குசினிகளில் 'வி, செஃப்!' (சரி, செஃப்!) என்ற கத்தல் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும், யாராவது ஒருவர் சூடு பட்டுக் கெட்ட வார்த்தை சொல்வார். இங்கே எல்லாரும் கோயிலுக்குள் நிற்பது போல நிற்கிறார்கள். சரி, இது வீட்டுக் குசினி, உணவகம் இல்லை. கதை நடக்கிற அடுத்த வருடம்தான், 1890இல், எஸ்கோஃபியே லண்டன் சவோய் ஹோட்டலுக்குப் போய்ப் பட்டாளம் மாதிரி வேலையைப் பிரித்துக் கொடுக்கிற முறையை அங்கே நிலைநிறுத்தத் தொடங்கினார். சோஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஏழு வருடம் நின்றது அந்த மனிதர் போட்ட வரிசையில்தான். யுஜெனி தோட்டத்தில் கிழங்கு பிடுங்குவதிலிருந்து இனிப்புக்கு நெருப்பு வைப்பது வரை தன் கையாலேயே செய்கிறார். அந்த மாதிரிச் சமையல் கடையில் இனி வராது, அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.

தொதான் காலையில் ஓம்லெட்டைக் கரண்டியால் சாப்பிடுவார், முள்ளுக்கரண்டி கூடாதாம். நான் செய்து பார்த்தேன். உண்மைதான், உள்ளே இளகலாக இருக்கும் ஓம்லெட்டுக்குக் கரண்டிதான் சரி.

பறவை சாப்பிடுகிற காட்சி ஒன்று வரும். ஓர்தொலான் என்ற சின்னஞ்சிறு குருவி, அதை முழுசாக எலும்போடு வாயில் போடுவார்கள், மணம் வெளியே போகாமல் இருக்கத் தலைக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொள்வார்கள். வளர்ந்த ஆண்கள் மேசையைச் சுற்றி முக்காடு போட்டு இருந்துகொண்டு எலும்பு கடிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குச் சிரிப்பும் அருவருப்பும் ஒன்றாக வந்தது. பிரான்சில் 1999இலிருந்து அந்தக் குருவியைப் பிடிக்கத் தடை. படம் அதற்காக மன்னிப்பும் கேட்கவில்லை, கொண்டாடவும் இல்லை, அந்தக் காலத்து ஆட்கள் இப்படித்தான் என்று வைத்துவிட்டுப் போகிறது. அது எனக்குப் பிடித்தது.

இளவரசர் ஒருவர் தொதானை விருந்துக்குக் கூப்பிட்டு, எட்டு மணிநேரம் ஓயாமல் தட்டுக்கு மேல் தட்டாகப் போட்டுத் திணறடிப்பார். பதில் விருந்துக்குத் தொதான் வைக்க நினைப்பது பொ-தோ-ஃப். மாட்டிறைச்சி, எலும்பு, கரட், லீக்ஸ், கிழங்கு எல்லாம் போட்டுத் தண்ணீரில் அவிப்பது. எந்த விவசாயி வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வைக்கிற பானை. இளவரசருக்குப் போய் இதையா என்று நண்பர்கள் முழிக்கிறார்கள். பெரிய வீட்டுச் சம்பந்தியைக் கூப்பிட்டுக் கூழ் ஊற்றுகிற துணிவு மாதிரி. இந்தப் பகுதியில் நல்ல நகைச்சுவை இருந்தது, ஆனால் படம் அதைத் தொடங்கிவிட்டு இடையில் தளரவிட்டுவிட்டது. மூல நாவலான மார்செல் ரூஃப்பின் 1924ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கதையே யுஜெனி இறந்தபிறகுதான் தொடங்குகிறது, அங்கே பொ-தோ-ஃப்தான் பெரிய சம்பவம். இயக்குநர் அதற்கு முந்திய காலத்துக்குப் போய், புத்தகத்தில் இல்லாத காதலைத் தானாக எழுதியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, நாவலிலிருந்து வந்த பகுதிகள் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கின்றன.

இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை. த்ரான் ஆன் ஹுங் 1962இல் வியட்நாமில் பிறந்தவர், 1975இல் போர் முடிந்தபோது பன்னிரண்டு வயதில் பிரான்சுக்கு வந்தவர். 1993இல் எடுத்த முதல் படமே, பச்சைப் பப்பாளியின் வாசத்தைப் பெயரில் வைத்தது, சைகோன் வீடொன்றில் வேலைக்கு வந்த ஒரு சிறுமி சமைக்கப் பழகுவதைப் பற்றியது. அந்தச் சைகோன் முழுவதையும் பிரான்சில் ஒரு ஸ்டூடியோவுக்குள் கட்டி எடுத்தார். ஊருக்குப் போகாமல் ஊரைக் கட்டுவது எப்படி என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் கழித்து, அதே ஆள், பிரெஞ்சுக்காரனை விடப் பிரெஞ்சாக ஒரு படம் எடுத்திருக்கிறார். அந்த முதல் படத்தில் வளர்ந்த பெண்ணாக நடித்த அவருடைய மனைவி யென் கேதான் இதில் கலை இயக்கமும் உடைகளும் பார்த்தவர், படத்தையும் அவருக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறார். தன் மனிசிக்கு இப்படி ஒரு கடிதம் எழுத இரண்டே கால் மணிநேரம் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் படத்தைத்தான் பிரான்சு தன் சார்பில் ஒஸ்காருக்கு அனுப்பியது. அதே வருடம் கானில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கிய 'அனடமி ஆஃப் எ ஃபோல்' படத்தை விட்டுவிட்டு இதையா என்று பெரிய சண்டை. கடைசியில் இது பதினைந்து படங்கள் கொண்ட பட்டியலோடு நின்றுபோனது, அது வேறு பிரிவுகளில் போய்த் திரைக்கதைக்கு ஒஸ்காரையே வாங்கிவந்தது. தேர்வில் யார் செய்தது சரி என்று எனக்குக் கதைக்கத் தெரியாது. ஆனால் அந்த 2023 மே மாதத்தை நான் வேறொன்றுக்காக நினைவு வைத்திருக்கிறேன்: பரிஸின் மிகச் சிறந்த பகெத் பாண் என்ற பரிசு, நம்மூரிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜாவின் இருபதாம் வட்டார வெதுப்பகத்துக்குக் கிடைத்தது அந்த மாதம்தான். ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுத்தார். ஒரே மாதத்தில் பிரெஞ்சுக்காரனின் பானையை வியட்நாமில் பிறந்தவரும் பிரெஞ்சுக்காரனின் பாணை யாழ்ப்பாணத்துக் கையும் தூக்கி வைத்தன. எங்கள் குசினியில் அன்று ஒரு கிழமைக்கு வேறு கதை இல்லை.

சமையல் மேற்பார்வை பியேர் கானியேர். மூன்று நட்சத்திர ஆள், 1996இல் மூன்று நட்சத்திரத்தோடேயே சென்-எத்தியேனில் கடை நொடித்து, பரிஸுக்கு வந்து திரும்ப எழும்பியவர். இளவரசரின் சமையல்காரராகப் படத்திலும் ஒருமுறை தலையைக் காட்டுகிறார், அந்த நீண்ட பட்டியலை வாசிப்பவர் அவர்தான், தெரிந்தால் சிரிப்பு வரும். நடிகர்கள் கையாள்வது உண்மையான சாப்பாடு என்பது பார்த்ததும் விளங்கும். பினோஷ் கத்தி பிடிக்கிற விதத்தில் எனக்குச் சின்னக் குறை இருக்கிறது, மாஜிமெல்லிடம் குறையே இல்லை.

இதற்குக் கீழே படத்தின் கடைசிப் பகுதியைச் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்தலாம்.

யுஜெனி இறந்துபோகிறார். மருத்துவமனை இல்லை, நீண்ட வசனம் இல்லை. ஒரு காலையில் எழும்பவில்லை. அதற்குப் பிறகு குசினி அப்படியே இருக்கிறது, ஆனால் அடுப்புக் குளிர்ந்து கிடக்கிறது, படமும் கொஞ்சம் குளிர்ந்துதான் போகிறது. தொதான் சாப்பிடாமல் கிடப்பதும், புதிய சமையல்காரிகள் வந்து சமைத்துக் காட்டுவதும், போலினைப் பழக்குவதும் என்று அரை மணிநேரம் நீளுகிறது. எனக்கு இந்த இடத்தில் பொறுமை போனது. மனிசிக்கோ இந்த இடத்தில்தான் படம் பிடிக்கத் தொடங்கியது. முதல் பாதியில் கேள்வி கேட்டவர் இப்போது வாய் திறக்கவில்லை.

கடைசியில் கமரா அந்த வெறும் குசினிக்குள் மெதுவாகச் சுற்றுகிறது, முழு வட்டமாக. சுற்றச் சுற்ற ஜன்னல் வெளிச்சம் மாறுகிறது, பருவம் மாறுகிறது, காலம் பின்னால் போகிறது. சுற்றி முடியும்போது மேசையில் யுஜெனியும் தொதானும். யுஜெனி கேட்கிறார்: நான் உங்கள் சமையல்காரியா, மனைவியா? தொதான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சமையல்காரி என்கிறார். யுஜெனியின் முகம் மலர்கிறது. அதுதான் அவருக்கு வேண்டிய பதில். பெயர்கள் ஓடத் தொடங்கியதும்தான் முதல்முறையாக இசை கேட்கிறது, மஸ்னேயின் 'தாயிஸ்' துண்டு, தனிப் பியானோவில்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது என்பதை மறைக்கவில்லை. வேலையால் மதிக்கப்படுவது என்றால் என்ன என்று இருபது வருடம் ஏப்ரன் கட்டியவனுக்குத் தெரியும். மனிசியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சமையல்காரி எண்டா சம்பளம் குடுக்கோணும். அவ அதைக் கேக்கேல்லை பாத்தீங்களே?"

அடுத்த ஞாயிறு பொ-தோ-ஃப் வைத்தேன். மாட்டின் கால்தசை, வால், ஊன் நிறைந்த எலும்பு நாலு, கிராம்பு குத்திய வெங்காயம். பச்சைத் தண்ணீரில் தொடங்கி, நுரையை எடுத்து எடுத்து, நாலு மணிநேரம். முதலில் சாறு, பிறகு இறைச்சியைக் கல்லுப்போடும் கடுகோடும். பிள்ளைகள் எலும்புக்குள் இருந்த ஊனைப் பாணில் தடவி முடித்துவிட்டார்கள். மனிசி இரண்டு கரண்டி சாறு குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றார், எழும்பிப் போய் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தார்.